இரண்டுக்குக் கால் குறைவு

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்றே முக்காலைப் பிரித்து எழுதச் சொன்னேன். எல்லோரும் ஒன்றும் முக்காலும் என்று எழுதினார்கள். பீகார்ச் சிறுமி ஒருத்தி மட்டும் இரண்டில் கால் போக என்று எழுதியிருந்தாள். விடை சரிதான். எப்படி வந்தது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், கணக்கும் நன்றாக வரும். இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று தமிழில் விளக்குவதுதான் வராது.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பதில் வந்தது. எங்கள் வகுப்புக்குப் பேட்லெட் என்ற இணையதளத்தில் ஒரு பலகை இருக்கிறது. லிங்க்கைத் தொட்டால் திறக்கும். நோட்டைப் போட்டோ எடுத்துப் போடலாம், பேசியும் பதியலாம். அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால்தான் அவள் வீட்டில் ஃபோன். குக்கர் விசிலுக்கு நடுவே இந்தியில் பேசியிருந்தாள். கீழே இன்னொரு பீகார்ப் பையன் தமிழில் சொல்லியிருந்தான்: "டீச்சர், எங்க வீட்டுல அதுக்கு பௌனே தோ."

தோ என்றால் இரண்டு. பௌனே தோ என்றால் இரண்டுக்குக் கால் குறைவு. மணி ஒன்றே முக்கால் ஆனாலும் அப்படித்தான் சொல்வார்கள். நாம் ஒன்றிலிருந்து ஏறிப் போகிற இடத்துக்கு அவர்கள் இரண்டிலிருந்து இறங்கி வருகிறார்கள். இருபத்தொன்பதும் அப்படித்தான். இந்தியில் அது உன்தீஸ். தீஸ் முப்பது, அதற்கு ஒன்று குறைவு. மறுநாள் பாடத்தை நான் பௌனே தோவில்தான் தொடங்கினேன்.

முதலில் வாட்ஸ்அப் குழுதான் வைத்திருந்தோம். ஓர் அம்மாவுக்கு யாரோ தெரியாதவர் ராத்திரியில் ஃபோன் செய்தார். குழுவில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அன்றைக்கே குழுவைக் கலைத்துவிட்டேன். இந்தப் பலகையில் நம்பர் தெரியாது, நான் பார்த்து அனுமதித்த பிறகுதான் பதிவு மற்றவர்களுக்குத் தெரியும். ஃபோன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் காகிதத்தில் எழுதித் தந்தால் நானே போட்டோ எடுத்து ஏற்றிவிடுகிறேன். அவர்களை விட்டுவிட்டு இதை நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

பலகைக்கு ஒரே விதி. விடையை மட்டும் போடக் கூடாது, எப்படிப் போட்டாய் என்று சொல்ல வேண்டும். எந்த மொழியிலும் சொல்லலாம்.

மேற்கு வங்கத்துச் சிறுமி ஒருத்தி 24-ஐ இரண்டால் பெருக்கிய கணக்கு எனக்கு 28, 88 என்று தெரிந்தது. தப்பு போட்டுவிட்டேன். நோட்டோடு போயிருந்தால் அது தப்பாகவே நின்றிருக்கும். பலகையில் அதே ஊர்க்காரி ஒருத்தி கீழே எழுதினாள்: "அது எட்டு இல்லை டீச்சர், எங்க நாலு." வங்காள எழுத்தில் நான்கு நம் எட்டைப் போலவே இருக்கும். விடை 48, முழுக்கச் சரி. வகுப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். ஆறாம் வகுப்பில் எந்த எண்ணை எப்படி எழுத வேண்டும் என்பதை அப்புறம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். தேர்வுத்தாளைத் திருத்துகிறவருக்கு வங்காளம் தெரியாதே.

போன வாரம் 58-ஐயும் 29-ஐயும் கூட்டச் சொல்லியிருந்தேன். அவிநாசிப் பையன் ஒருவன், வீட்டில் தமிழ் தவிர வேறு பேச்சே இல்லாதவன், இப்படிப் பேசிப் பதிந்திருந்தான்: "உன்தீஸ் மாதிரி போட்டேன் டீச்சர். அம்பத்தெட்டும் முப்பதும் எம்பத்தெட்டு. ஒண்ணு போனா எம்பத்தேழு."