பழைய எம்பிராய்டரியும் சின்ன ஊர் மர்மமும்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

மர்மக் கதைகளில் ஒரு வகை உண்டு. ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கொலையே நடந்தாலும் ரத்தத்தை நம் கண்ணில் காட்ட மாட்டார்கள். துப்பறிகிறவர் போலீஸ் இல்லை. நூலகராகவோ, பழம்பொருள் விற்பவராகவோ, ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ இருப்பார். இந்த வகையில் பழைய எம்பிராய்டரியை நடுவில் வைத்து எழுதும் கதைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். அதனாலேயே ஒரு வருத்தமும் உண்டு. பல கதைகளில் அந்தத் துணி சுவரில் தொங்கும், களவு போகும், கடைசியில் கிடைத்துவிடும். அதன் இடத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வைத்தாலும் கதை அப்படியே ஓடும். துணியை வைத்து எழுதினால் துணிதான் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குச் சொல்லவும் தெரியும்.

ஒரு பழைய துணிக்காக யாராவது குற்றம் செய்வார்களா என்று கேட்கலாம். செய்வார்கள். சாம்பிளர் என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறுமிகள் தையல் பழகுவதற்காக லினன் துணியில் போட்ட மாதிரி அது. எழுத்துகள், எண்கள், பூக்கரை, ஒரு வீடு, நல்லொழுக்க வரிகள், கீழே தைத்தவளின் பெயர், வயது, வருஷம். 1807-இல் மேரி ஆன்ட்ரிம் என்ற அமெரிக்கப் பெண் தைத்த ஒரு சாம்பிளர் 2012-இல் ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆக, நோக்கத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெயரும் வருஷமும்தான். இங்கிலாந்தில் தேதியோடு கிடைத்திருக்கும் மிகப் பழைய சாம்பிளர் 1598-ஆம் ஆண்டுடையது. ஜேன் பாஸ்டக் என்பவர் தைத்தது, லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த விவரத்தையும் அதில் தைத்து வைத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள், அது ஒரு பிறப்புப் பதிவு! சொத்துப் பத்திரங்களிலும் ஊர்க் கணக்குகளிலும் பேர் வராத எத்தனையோ பெண்கள், தங்கள் பேரைத் தங்கள் கையாலேயே எழுதி வைத்த இடம் இந்தத் துணிதான்.

இங்கேதான் மர்மக்கதை எழுதுகிறவருக்கு ஒரு புதையல் இருக்கிறது. சில சாம்பிளர்களில் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பிரித்து எடுத்திருப்பார்கள். சிறுமியாகத் தைத்தவள் பெரியவளான பிறகு, சுவரில் தொங்கும் துணி தன் வயதைச் சொல்லிவிடக் கூடாதென்று தானே நூலை உருவியிருப்பாள் என்பது வழக்கமான விளக்கம். சரி, அது வயதை மறைப்பதற்காக இல்லையென்றால்? அந்தத் தேதி ஒரு வாரிசுரிமையைக் கவிழ்த்துவிடும் என்றால்? நூலை உருவினாலும், ஊசி ஏறிய துளைகள் நெருக்கமான லினனில் மிஞ்சலாம். நூல் மூடியிருந்த இடம் வெளிச்சம் படாமல் வேறு நிறத்தில் இருக்கும். நல்ல பூதக்கண்ணாடியும் சாய்வாக விழும் ஒளியும் இருந்தால், இல்லாத எண்ணையும் படித்துவிடலாம். இதைவிட நேர்மையான தடயம் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே வாசகர் கண் முன்னால் தொங்கவிடலாம். குற்றவாளியும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

அப்புறம், போலி. பழைய துணியில் புது நூலால் தைத்து ஏமாற்றுவது நடக்கிற காரியம். அதைப் பிடிக்க வேண்டுமானால் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான பழைய வேலையில் முன்பக்கம் வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும், பின்பக்கத்தில் சாயம் நேற்றுப் போட்டதுபோல் இருக்கும். அந்தக் காலத்தில் பச்சையைப் பெரும்பாலும் மஞ்சளும் அவுரி நீலமும் கலந்து எடுத்தார்கள். மஞ்சள் சீக்கிரம் போய்விடும். அதனால் முன்னால் நீலமாகத் தெரியும் இலை, பின்னால் திருப்பினால் பச்சையாக இருக்கும். இரும்புச் சத்து சேர்த்துப் போட்ட கறுப்பும் கரும்பழுப்பும் நூலையே அரித்துவிடும். பழைய வேலைகளில் முதலில் உதிர்வது அந்த நிறங்கள்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கி, கறுப்பு மட்டும் கட்டுக்குலையாமல் இருக்கும் ஒரு ‘1780’ சாம்பிளரைக் கண்டால் துப்பறிகிறவருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

ஊதா நிறத்தை மட்டும் கவனமாகக் கையாளச் சொல்வேன். 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக முதல் அனிலின் சாயத்தை, அதாவது ஒரு செயற்கைச் சாயத்தை, கண்டுபிடித்தார். அது ஊதா. உடனே நம் எழுத்தாளர்கள் ‘ஊதா இருக்கிறது, ஆகவே போலி’ என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன்பும் பாசிக்காளானிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். ஆய்வகத்தில் சோதித்து, செயற்கைச் சாயம் என்று உறுதியானால்தான் 1856 பேச்சுக்கே வரும். வாசகரை மதிக்கிற எழுத்தாளர் இந்த வித்தியாசத்தை விட்டுவிட மாட்டார்.

தையலில் ரகசியம் வைத்தார்களா என்றால், நிஜ வாழ்க்கையிலேயே வைத்திருக்கிறார்கள். சிறையிருப்பில் இருந்த ஸ்காட்லாந்து அரசி மேரி, நார்ஃபோக் பிரபுவுக்கு ஒரு பூவேலை மெத்தையணை அனுப்பினார். அதில் ஒரு கை காய்க்காத திராட்சைக் கொடியை அரிவாளால் வெட்டுகிறது. மேரியைச் சிறை வைத்திருந்த, பிள்ளையில்லாத இங்கிலாந்து அரசி எலிசபெத்தைத்தான் அது குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பிரபுவின் ராஜத்துரோக விவகாரத்தில் அந்த அணையும் அடிபட்டது. 1572-இல் அவர் தலை போனது. 1941-இல் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்த மேஜர் கஸ்டாக்லி என்ற பிரிட்டிஷ்காரர் ஒரு சாம்பிளர் தைத்தார். அதன் கரையில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறியீட்டில் ‘கடவுள் அரசரைக் காக்கட்டும்’ என்றும், ஹிட்லரைத் திட்டும் ஒரு வசையும் இருந்தன. காவலர்களுக்குப் புரியவில்லை. அதைக் கண்காட்சியாகவே வைத்தார்கள்.

இந்த வகைக் கதையின் உயிரும் அதில்தான் இருக்கிறது. தையல்தானே என்று அலட்சியமாகப் பார்க்கிறவர் மாட்டிக்கொள்வார். தையல் தெரிந்தவர் கண்டுபிடிப்பார். சின்ன ஊருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரே ஆசிரியையிடம் படித்த பெண்களின் சாம்பிளர்களில் ஒரே பூச்சாடி, ஒரே கரை, ஒரே மாதிரி வீடு திரும்பத் திரும்ப வரும். ஆய்வாளர்கள் இதை வைத்தே எந்தத் துணி எந்தப் பள்ளியில் தைத்தது என்று அடையாளம் காண்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று சாதிக்கும் இரண்டு குடும்பங்களின் வீட்டுச் சுவரில் ஒரே கரை தொங்கினால், பாதி மர்மம் அங்கேயே அவிழத் தொடங்கிவிடும்.

எழுத வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கதையில் துப்பறிகிறவர் அந்தத் துணியைத் துவைக்கக் கூடாது, ஒரு நூலைக்கூடப் பிரிக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் பழைய சாயம் ஓடலாம், தையலைப் பிரித்தால் சாட்சியே போய்விடும். வேண்டுமானால் அந்தக் காரியத்தை ஊரில் எல்லாருக்கும் பிடித்த, நல்ல மனசுள்ள ஒருவர் செய்யட்டும்: ‘அழுக்காக இருந்தது, அலசிப் போட்டேன்.’ அவர் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்பதை முந்நூறு பக்கத்துக்கு இழுக்கலாம்.