சந்தேகங்களுக்கு விளக்கம்: ஊசுட்டேரிக்கு எந்த எண்ணை இலக்கா வைக்கிறது?

வணக்கம். ஊசுட்டேரி புதுச்சேரிப் பக்கம் இருக்கிற ஏரி. புதுச்சேரியிலேருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "பாஸ்பரஸ் கணக்கு வீடியோ பாத்தேன் சார். ஊசுட்டேரிக்கு அதே மாதிரி மாடல் போட்டா, லிட்டருக்கு இவ்வளவு பாஸ்பரஸ் இருக்கலாம்னு ஒரே எண்ணா சொல்லிட முடியுமா?" படிச்சதிலேருந்து மனசை விட்டுப் போகாத கேள்வி இது.

சொல்லலாம். ஆனா ஏரி எதுக்குன்னு நாம முதல்ல முடிவு பண்ணணும், அதை மாடல், அதாவது ஏரியைக் கணக்குல காட்டுற சூத்திரம், பண்ணாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட வகைப்பாட்டுல, சுத்திகரிச்சுக் குடிக்கிற தண்ணி 'சி' வகை. கரைஞ்ச ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி., அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர் எடுத்துக்கிற ஆக்சிஜன், 3-ஐத் தாண்டக் கூடாது. காட்டுயிருக்கும் மீனுக்கும் 'டி' வகை, அங்க ஆக்சிஜன் 4, அம்மோனியா 1.2-க்குள்ள. ரெண்டு பட்டியல்லயும் பாஸ்பரஸே கிடையாது! ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். வெளிச்சம் தரை வரைக்கும் போகணும், தண்ணிக்குள்ள வேலம்பாசி, கொட்டி மாதிரிச் செடி நிக்கணும். அதுதான் நம்ம ஆசை. பாஸ்பரஸ் கூடினா பாசி பெருகி அந்த வெளிச்சத்தை மறைச்சிடும். இந்த ஆசையை 'வருஷத்துக்கு இத்தனை கிலோ பாஸ்பரஸ்தான் உள்ள வரலாம்'னு மாத்திக் குடுக்கிறதுதான் மாடலோட வேலை.

கணக்குக்கு ஒரு ஏரி வச்சுக்குவோம், ஊசுட்டேரி வேணாம். 100 ஹெக்டேர், சராசரி ஆழம் 1.5 மீட்டர், கொள்ளளவு 15 லட்சம் கன மீட்டர். வருஷத்துக்கு 30 லட்சம் கன மீட்டர் வருது, அப்போ தண்ணி அரை வருஷம் தங்குது. கூட வர்ற பாஸ்பரஸ் 600 கிலோ. வகுத்துப் பாத்தா வர்ற தண்ணியில லிட்டருக்கு 200 மைக்ரோகிராம். ஏரியில எவ்வளவு பாஸ்பரஸ் நிக்கும்னு கணிக்கிற வோலன்வைடர் சூத்திரப்படி, தங்குற காலத்தோட வர்க்கமூலத்துல 1 கூட்டி, அந்த 1.707-ஆல இதை வகுக்கணும். ஏரியில 117 வருது. 1982-ல ஓ.இ.சி.டி.ங்கற பன்னாட்டு அமைப்பு வச்ச வரம்புல 100-ஐத் தாண்டினாலே கடைசிப் படி, அதாவது சத்து மிக அதிகமாகிப் பாசி மண்டுற நிலை. ஏரியை 50-க்கு இறக்கணும்னா 256 கிலோதான் உள்ள வரலாம். மீதி 344 கிலோவை நிறுத்தணும்.

344 கிலோன்னா எவ்வளவு? 50 கிலோ டி.ஏ.பி. உர மூட்டை ஒண்ணுல பாஸ்பரஸ் மட்டும் சுமார் 10 கிலோ. அப்போ 34 மூட்டை. கழிவுநீர்ல ஆளுக்கு நாளுக்கு 1.5 கிராம்னு வச்சா, 630 பேரோட ஒரு வருஷக் கழிவு. ஒரே ஒரு நகரோட சாக்கடை போதும். அதனாலதான் ஒவ்வொரு வீடியோவுலயும் சொல்றேன், இலக்கை ஏரி நடுவுல எழுதாதீங்க, வாய்க்கால் வாயில கிலோவா எழுதுங்க. 'லிட்டருக்கு 50'னு எழுதினா அதுக்கு யாரும் பொறுப்பாக மாட்டாங்க. கிலோன்னா சுத்துக்கேணி வாய்க்காலுக்கு இவ்வளவு, ஊர்ச் சாக்கடைக்கு இவ்வளவுன்னு பங்கு பிரிக்கலாம். ஊசுட்டேரி பாதி புதுச்சேரி, பாதி விழுப்புரம் மாவட்டம். பங்கு பிரிக்காம அங்க ஒரு வேலையும் நடக்காது.

அமெரிக்காவுல வாஷிங்டன் ஏரி இருக்கு, சியாட்டில் பக்கம். எட்மண்ட்சன்னு ஒரு விஞ்ஞானி, சாக்கடையைத் திருப்பினா ஏரி தெளியும்னு முன்கூட்டியே சொன்னார். 1963-லேருந்து 1968-க்குள்ள திருப்பினாங்க, அவர் சொன்னபடியே தெளிஞ்சுது. அங்கயும் இலக்கு குழாய் வாயிலதான் இருந்துச்சு, கவனிங்க. ஆனா அந்த ஏரிக்குச் சராசரி ஆழமே 33 மீட்டர். நம்ம ஏரி இடுப்பளவுத் தண்ணி. சித்திரை, வைகாசியில சுண்டும்போது பாஸ்பரஸ் செறிவு ஏறும். காத்து அடிச்சா சேறு கலங்கும். பாசி பெருகுற மத்தியானத்துல பி.எச். 9-ஐத் தாண்டினா, சேத்துல இரும்போட ஒட்டிக் கிடக்கிற பாஸ்பரஸ் கழண்டு மேல வரும். வாய்க்காலை அடைச்ச பிறகும் பல வருஷம் ஏரி பச்சையாவே கிடக்கிறது இதனாலதான். இன்னொண்ணு, செடி அழிஞ்சு பாசி ஏரியா மாறினது எந்த அளவுலயோ, அதே அளவுக்கு இறக்கினா திரும்பாது, அதுக்கும் கீழ போகணும். வோலன்வைடர் சூத்திரத்துல இதெல்லாம் இல்ல. ஆழமில்லாத ஏரிகளுக்குன்னே நெதர்லாந்துல செஞ்ச பி.சி.லேக் மாதிரி மாடல்தான் இங்க சரி. ஒரு வருஷத் தரவுல பொருத்திட்டு, இன்னொரு வருஷத் தரவுல சோதிக்கணும். அதே வருஷத்துலயே சோதிச்சா எந்த மாடலும் பாஸ்தான்.

செக்கி தட்டை மட்டும் நம்பாதீங்க. 20 சென்டிமீட்டர் கறுப்பு வெள்ளைத் தட்டு மறையுற ஆழத்தை வச்சு ஏரியில சத்து எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்டுற கார்ல்சன் குறியீடு போடுறாங்க. மழைக்குப் பிறகு அங்க மறைக்கிறது செம்மண் கலங்கல், பாசி இல்ல. பாசியோட அளவைக் காட்டுற பச்சை நிறமியான குளோரோபில்லை அளக்காம இலக்கு வைக்காதீங்க.

என்னைக் கேட்டா, நேயர் கேட்டிருக்க வேண்டியது இது: ஐப்பசியில முதல் புதுத்தண்ணி வரும்போது எத்தனை கிலோ வருது? சம்பாவுக்கு அடியுரம் போட்ட கையோட மழை பிடிக்கும். மாசத்துக்கு ஒரு பாட்டில் எடுக்கிறவங்க இதைத் தவற விட்டுடுவாங்க, மாடலுக்குப் போற 600 கிலோவே தப்பாயிடும். மதகுகிட்ட ஒரு அளவுகோல் நடுங்க. ஒரு மிதவையை விட்டு வேகம் பாருங்க. அகலம் 3 மீட்டர், ஆழம் 0.4, மிதவை வேகம் நொடிக்கு அரை மீட்டர், மேல்மட்ட வேகம்ங்கறதால 0.85-ஆல பெருக்கினா நொடிக்கு 0.51 கன மீட்டர். பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் இருந்தா மணிக்கு 1.1 கிலோ. ஒரு ராத்திரி ஓடினாலே ஒரு மூட்டை டி.ஏ.பி. போயிடுது. தண்ணி ஏறும்போதும் இறங்கும்போதும் 2 மணி நேரத்துக்கு ஒரு பாட்டில். பாட்டிலை சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீங்க, அதுலயே பாஸ்பேட் இருக்கலாம். நீர்த்த அமிலத்துல அலசுங்க. மொத்த பாஸ்பரஸுக்கு வடிகட்டக் கூடாது. கந்தக அமிலம் சொட்டு விட்டு பி.எச். 2-க்குக் கீழ இறக்கி, ஐஸ் பெட்டியில வச்சு ஆய்வகத்துக்கு அனுப்புங்க.