முடோன் பக்கத்துல ஒரு யாழ் சத்தம்

பெரியவங்களுக்கும் அக்கா தங்கச்சிங்களுக்கும் வணக்கம். கோயில் மண்டபத்துல படம் போடுறோம்னதும் எம்ஜிஆரா சிவாஜியான்னுதான் கேட்டீங்க, ஜப்பான் படம்னதும் பாதிப் பேர் மூஞ்சி சுருங்கிருச்சு, பரவால்ல, புளிசாதம் உண்டுன்னதும் நம்ம பர்மா மௌலமைன்ல இருக்குற தமிழ் சனம் பாதி வந்துருச்சே.

படம் பேரு பர்மாவின் யாழ், கோன் இச்சிகாவா 1956ல எடுத்தது. நம்ம ஊரு சவுங்னு ஒரு யாழ் இருக்கே, வளைஞ்ச கழுத்தோட, பழைய வில்யாழ் மாதிரியேதான் இருக்கும், நம்ம தமிழாளுங்ககிட்ட வில்யாழ் எப்பவோ வழக்கொழிஞ்சு போச்சு, இங்க பர்மாவுல சவுங்க இன்னும் வாசிக்கிறாங்க.

நான் மொத தடவ இதப் பாத்தது ஒரு காப்பி வீசிடில. ஒரு தட்டுல 74 நிமிஷம், மிஞ்சிப்போனா 80, படமோ 116 நிமிஷம், அதனால அழுதுட்டு இருக்கப்ப எந்திரிச்சு தட்டு மாத்தணும், ராத்திரி சீன்ல எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுமே ஒழிய ஆளு தெரியாது. இன்னிக்கு ஓடப்போறது கிரைட்டீரியன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி 2007ல போட்ட டிவிடி, இச்சிகாவாவோட பேட்டியும் இதுலயே இருக்கு. டிவிடிய உலகத்த மண்டலம் மண்டலமாப் பிரிச்சு லாக் போட்டு விப்பாங்க, ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயர்ல ஓடாது. இது அமெரிக்கா மண்டலம் 1, நம்ம பர்மா 3, அதனால லாக் எடுத்த பிளேயர் தேட வேண்டியதாப் போச்சு. ப்ளூரேல கதை வேற, அமெரிக்காவும் பர்மாவும் ஒரே ஏ, இந்தியா சி, அதாவது அமெரிக்காவுல லாக் போட்டு வித்தது நம்ம பிளேயர்ல ஓடும், மெட்ராஸ்ல ஓடாது. ஏதோ ஒண்ணுலயாவது நமக்கு வழி விட்டிருக்கான்.

தட்டு நல்லா இருந்தா என்ன பெருசான்னு கேப்பீங்க. படம் தொடங்குறப்பவே பர்மா மண்ணு சிவப்பு, பாறையும் சிவப்புன்னு எழுத்து வரும், ஆனா படம் கருப்பு வெள்ளை! இச்சிகாவாவுக்குக் கலர்லதான் ஆசை, அந்தக் காலத்துக் கலர் கேமராவத் தூக்கிட்டு வரக் கட்டுபடியாகல, 1985லதான் மறுபடி கலர்ல எடுத்தாரு. எனக்கு என்னமோ இதுதான் பிடிச்சிருக்கு, அந்த சாம்பல் நெறத்துல எத்தனை வகை இருக்குன்னு வீசிடில தெரியவே தெரியாது. அப்புறம் சாமான் விக்க வர்ற பர்மாக் கெழவி, அது ஜப்பான் நடிகை தானியே கிதபயாஷி, ரெண்டு படத்துலயும் அவங்களேதான், ஏமாந்துராதீங்க.

கதைய முழுசாச் சொல்ல மாட்டேன். ரெண்டாம் உலகப் போரு முடிஞ்சிருது, மிசுஷிமான்னு ஒரு ஜப்பான் சிப்பாய், அவனோட கூட்டாளிங்க நம்ம முடோன்ல கைதி முகாம்ல இருக்காங்க, இவன் பொங்ஜி, அதான் புத்த சாமியார், துணியக் கட்டிக்கிட்டு வர்ற வழியெல்லாம் செத்துக் கெடக்குற ஜப்பான்காரங்களப் பாத்து, ஊருக்குத் திரும்புறதா, இங்கயே இருந்து பொதைக்கிறதான்னு தவிக்கிறான். அங்கதான் எனக்கு ஒரு வருத்தம். முடோன்லேருந்து தெக்கால போனா தான்பியூசயாட், போர்க்காலத்துல ஜப்பான்காரன் கைதிங்களையும் கூலிங்களையும் வெச்சுப் போட்ட சயாம் மரண ரயில் முடியிற எடம். அங்க நேச நாட்டுச் சிப்பாய்ங்களுக்கு 3,000க்கு மேல கல்லறை வரிசையா இருக்கு, மலாயாவுலேருந்து கூட்டிட்டு வந்த நம்ம தமிழ்க் கூலிங்க ஆயிரக்கணக்குல செத்தாங்களே, அவங்களுக்குப் பேரு வெட்டுன கல்லு எங்க? இந்தப் படத்துல அவங்க பேச்சே கெடையாது. நல்ல படம்தான், ரொம்ப நல்ல படம், ஆனா யாருக்காக அழுவுதுன்னும் பாக்கணும்ல.

இருந்தும் நாலு தடவ பாத்துட்டேன், காரணம் ஒரு கிளி. மிசுஷிமா, சேந்து ஜப்பானுக்குப் போகலாம்னு கூட்டாளிங்க ஒரு கிளிக்குச் சொல்லிக் குடுத்து அவன்கிட்ட அனுப்புறாங்க, பதிலுக்கு இன்னொரு கிளி வரும். அது என்ன சொல்லுதுன்னு நீங்களே கேளுங்க. 1964ல கடையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டப்ப எங்க பெரியப்பா இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாரு, எங்கப்பா ஏறல, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவே இல்ல. எங்கப்பாவுக்கு இந்தப் படம் காட்டணும்னு நெனச்சேன், அப்ப என்கிட்ட வீசிடி கூட இல்ல.

சரி, டீசல் ரெண்டரை மணி நேரத்துக்குத்தான் இருக்கு. தம்பி, அந்த வாசப்பக்க லைட்ட அமத்து. புளிசாதம் படம் முடிஞ்சப்புறம்தான்.