யெஸ் அழுத்தும் முன் அந்த மூன்று வரிகள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தோட்ட அலுவலகக் கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோயில் நிர்வாகத்தினர் என்று என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். இன்றைக்கு ஒரே ஒரு எச்சரிக்கைப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மின்னஞ்சலைத் திறக்கும்போது, ‘இந்த சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை உறுதிசெய்ய முடியவில்லை, தொடரலாமா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும் பெட்டி அது. சர்வர் என்பது நம் மின்னஞ்சலை வைத்திருந்து கொடுக்கும் தூரத்துக் கணினி.

ஒரு கோயிலின் செயலாளர் அக்கா, அலுவலகக் கணினியைக் காரில் வைத்துக் கொண்டு வந்தார். “தம்பி, ஈமெயிலைத் திறந்தாலே ஒரு பெட்டி வருது. யெஸ் அழுத்தினா போயிடுது. மறுநாள் திரும்ப வருது” என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். “தீபாவளிக்கு முன்னாலேருந்து” என்றார். அப்போது தைப்பூசமே முடிந்துவிட்டது. நன்கொடை ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அந்த மின்னஞ்சலில்தான் வந்து போகின்றன.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல வருஷம் நானே வாடிக்கையாளர்களிடம், “ஒண்ணுமில்ல, யெஸ் அழுத்துங்க” என்று சொல்லியிருக்கிறேன். அது தவறு. அதனால்தான் இங்கே பேச அழைத்தவுடன் ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெட்டி எதைக் கேட்கிறது? செம்பனைக் குலையை விற்கப் போகிறீர்கள். வாங்குகிறவரின் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். முத்திரை இந்தத் தராசுக்குரியதா, காலம் கடந்துவிட்டதா, முத்திரை குத்தியவர் அதிகாரம் உள்ளவரா? மின்னஞ்சல் நிரலும் சர்வரிடம் இதே மூன்றைத்தான் பார்க்கிறது: சான்றிதழில் இருக்கும் பெயர், அதன் தேதி, அதில் கையெழுத்திட்ட நிறுவனம். அவுட்லுக் என்ற மின்னஞ்சல் நிரலில் வரும் ஒருவகைப் பெட்டியில் இந்த மூன்றும் மூன்று வரியாகவே இருக்கும். சரியான வரிக்குப் பக்கத்தில் பச்சை டிக், தவறான வரிக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி. நம்மில் பலர் அந்த வரிகளைப் படிப்பதே இல்லை. நேரே கீழே இருக்கும் பட்டனுக்குப் போய்விடுகிறோம்.

அக்காவின் கணினியில் கோளாறு தேதி வரியில் இருந்தது. திரையின் வலது மூலையைப் பார்த்தேன். கடிகாரம் 2009 என்று காட்டியது. 2009-இல் நிற்கும் கணினிக்கு நேற்று கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் நம்ப மறுத்தது. கணினியின் மேல்கூட்டைக் கழற்றினால் உள்ளே தூசி, ஓர் ஓரத்தில் எறும்புக் கூடு. தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) இருபது காசு நாணயம் அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி, மேலே சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். மின்சாரத்தை அணைத்தாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துப் போயிருந்தது. கோயிலைப் பூட்டும்போது சுவரிலிருக்கும் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். காலையில் கணினி பழைய காலத்தில் கண் விழிக்கும். விண்டோஸ் இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் என்றாலும், வித்தியாசம் வருஷக்கணக்கில் இருந்தால் திருத்தாமல் விட்டுவிடுவது உண்டு. பேட்டரியை மாற்றி, தேதியையும் கோலாலம்பூர் நேர மண்டலத்தையும் சரிசெய்தேன். எச்சரிக்கைப் பெட்டி வரவில்லை. ஆகவே நேயர்களே, முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

கடிகாரம் சரியாக இருந்தும் தேதி வரியில் குறி வந்தால், சர்வர் நடத்துகிறவர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார். உங்கள் பக்கத்தில் திருத்த ஒன்றுமில்லை, அவர்களுக்கு போன் போடுங்கள். இது இனி அடிக்கடி நடக்கலாம். முன்பு ஒரு சான்றிதழை 398 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று குறைக்க முடிவாகியிருக்கிறது.

பெயர் வரியில் குறி வருவது வேறு கதை. சொந்த இணையப் பெயரில் (டொமைன்) மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இது அதிகம். சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் உங்கள் கணக்கை வேறு இயந்திரத்துக்கு மாற்றியிருக்கும். சான்றிதழில் அவர்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல் நிரலின் அமைப்பில் (செட்டிங்ஸில்) உங்கள் பெயர். ‘வியூ சர்ட்டிபிகேட்’ என்பதை அழுத்தி, யாருக்குக் கொடுத்தது என்ற இடத்தில் இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். ஆமாம், எங்கள் சர்வர்தான் என்றால், உள்வரும் அஞ்சல், வெளிச்செல்லும் அஞ்சல் இரண்டு அமைப்பிலும் அந்தப் பெயரையே எழுதுங்கள். கேட்காமல் எழுதிவிடாதீர்கள்.

மிச்சமிருக்கும் வரி, கையெழுத்திட்டவர் யார் என்பது. இதைத்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் ஒன்று கணினிக்குள் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் கேட்டார், அந்த நிறுவனங்களை மட்டும் எப்படி நம்புவது என்று. நியாயமான கேள்வி. 2011-இல் நம் மலேசியச் சான்றிதழ் நிறுவனம் ஒன்று 512 பிட் அளவே உள்ள பலவீனமான மறையாக்கச் சாவிகளோடு 22 சான்றிதழ்களைக் கொடுத்திருந்தது தெரிய வந்தது. மைக்ரோசாப்டும், ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவும் அதன் மீது வைத்த நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. அப்படிச் சேர்ப்பதும் நீக்குவதும் நம் கணினிக்கு அப்டேட் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. அப்டேட் நின்ற கணினியின் பட்டியல் பழசாகிவிடும். 2021 செப்டம்பர் 30-இல் பலரும் நம்பியிருந்த, மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, பழைய கருவிகள் பல நல்ல சர்வர்களையே சந்தேகப்பட்டன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அதில் ஓடும் கணினிகள் என் மேசைக்கு வருகின்றன.

சில சமயம் கையெழுத்திட்டவர் பெயராக உங்கள் வைரஸ் தடுப்பு நிரலின் பெயரே இருக்கும். அஞ்சலை வழியில் நிறுத்திச் சோதிப்பதற்காக அது தன் சான்றிதழை இடையில் வைக்கிறது. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் நிரலில் இப்படி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தடுப்பு நிரலில் மின்னஞ்சல் சோதனையை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் பெயரே தெரியாத யாரோ கையெழுத்திட்டிருந்தால்? அதுவும் சாப்பாட்டுக் கடையிலோ ஹோட்டலிலோ இலவச வைஃபையில் இருக்கும்போது வந்தால்? அப்போது ‘நோ’ அழுத்துங்கள். கைப்பேசியின் சொந்த டேட்டாவுக்கு மாறி, அதே மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை மறைந்துவிட்டால் கோளாறு அந்த வைஃபையில். சில நேரம் அது வெறும் அந்த வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தின் வேலை. சில நேரம் நடுவில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். யெஸ் அழுத்தினால் உங்கள் நிரல் கடவுச்சொல்லை அவன் கையில் கொடுத்துவிடும். மின்னஞ்சல் போனால் மற்றதெல்லாம் போகும். ஊழியர் சேமநிதிக் கணக்கோ முகநூலோ, கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்றால் மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தானே வருகிறது?

முன்பே யெஸ் அழுத்தியவர்கள் பயப்பட வேண்டாம், இன்றிரவே இதைச் செய்யுங்கள். தண்டர்பேர்டு வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், சான்றிதழ்களை நிர்வகிக்கும் இடத்தில் ‘சர்வர்ஸ்’ என்ற பட்டியலைத் திறங்கள். எப்போதோ விதிவிலக்காக அனுமதித்தவை அங்கே கிடக்கும். தேர்ந்தெடுத்து நீக்குங்கள். வெளியிடத்து வைஃபையில் யெஸ் அழுத்தியிருந்தால், நீங்கள் நம்பும் இணைப்பிலிருந்து கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். எச்சரிக்கை மறுபடி வந்தால், எதையும் அழுத்தாமல் கைப்பேசியில் அந்தப் பெட்டியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று வரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். உங்கள் ஊரில் கணினி பார்ப்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

நன்றி, வணக்கம்.