பழைய மடத்துப் படங்களில் ஏன் யாரும் சிரிப்பதில்லை?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதைவிட்டுப் போகவே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "பழைய படங்களில் கன்னியாஸ்திரிகள் எல்லோரும் இறுகிய முகத்தோடு நிற்கிறார்களே, சிரிக்கக் கூடாது என்று மடத்தில் சட்டமா?"

சட்டமெல்லாம் இல்லை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் பல நொடிகள் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவு நேரம் சிரிப்பைப் பிடித்து வைத்துப் பாருங்கள், பல்வலிக்காரர் மாதிரி ஆகிவிடும். சரி, பதில் முடிந்தது.

ஆனால் நான் எப்போதும் சொல்வதுதான்: முகத்தைப் பார்ப்பதற்கு முன், படம் எடுத்தது யார் என்று கேளுங்கள். பிரான்சில் லிசியே நகரத்தில் கார்மேல் சபைக் கன்னியாஸ்திரிகளின் மடம் இருக்கிறதே, அது வெளியாட்கள் நுழைய முடியாத மடம். அந்தக் காலத்தில் சொந்தக்காரர்களே கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பேச வேண்டும். அப்படியானால் உள்முற்றத்தையும், துணி துவைக்கிற இடத்தையும் எடுத்தது யார்? அந்த மடத்தில் துறவியாக வாழ்ந்த புனிதர் குழந்தை தெரசாளின் அக்கா செலின். 1894 செப்டம்பரில் மடத்தில் சேர்ந்தபோது கேமராவும் கூடவே உள்ளே போனது. அப்போது மடத்துத் தலைவி யார் தெரியுமா? இன்னொரு அக்கா, பவுலின். நான்கு சகோதரிகள் ஒரே மடத்தில்! அனுமதி கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

துவைக்கிற படத்தை நன்றாகப் பாருங்கள். துணியை அடிக்கிற கட்டை கையில் இருக்கிறது, ஆனால் யாரும் அடிக்கவில்லை. செலின் சொல்லும்வரை அப்படியே நிற்கிறார்கள். 1897 ஜூன் 7 அன்று எடுத்த படங்களும் அப்படித்தான். காசநோயில் தளர்ந்து போன தெரசாளை முழந்தாளில் இருக்கவைத்து, ஒன்றுக்கு மூன்றாக எடுத்தார். செப்டம்பர் 30 அன்று தெரசாள் இறந்துவிட்டார். வயது 24.

உண்மையில் அந்தச் சகோதரி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: நம் வீடுகளில் தொங்குவது அந்த முகம்தானா? ரோஜாப் பூக்களோடு சிலுவையை அணைத்திருக்கும் படம் போட்டோவே அல்ல, செலின் வரைந்தது. போட்டோக்களிலும் முகத்தைத் திருத்தித்தான் வெளியே விட்டார்கள். திருத்தாத படங்கள் புத்தகமாக வந்தது 1961இல்தான். வட்ட முகம், உறுதியான தாடை.

அதில் ஒன்றை எங்கள் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாரோ நல்ல பிள்ளைதான். ஆனா தெரசம்மா இல்ல."