செம்மண் நாட்டுத் தண்ணீரில் உலோகம்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கிணறு தோண்டினால் செம்புறாங்கல் தட்டுப்படும். அதற்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு. அப்படிப்பட்ட தரையில் ஓடிவந்து ஊரணியில் சேரும் மழைநீரில் கரைந்த இரும்பு மிகச் சொற்பம். ஆனால் சில ஆழ்துளைக் கிணறுகளின், அதாவது போர்களின், தண்ணீர் குடத்தில் தெளிவாக விழுந்து, கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, அடியில் துருவாகப் படிகிறது. தண்ணீரில் எவ்வளவு உலோகம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது மண்ணிலுள்ள இருப்பு மட்டுமில்லை. அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா, அதன் பி.எச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) எவ்வளவு, உலோகம் ஒட்டிக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது என்பவைதான் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

காற்றுப்பட்ட இரும்பு நீரில் அநேகமாகக் கரையாது. ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் சில நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவைப் பயன்படுத்தி வாழ்கின்றன. அப்போது இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. போர் நீர் மேலே வந்து காற்றைத் தொட்டதும் மறுபடியும் துருவாகிறது. அந்த வேகத்தை ஆள்வது பி.எச். அது 7 இருந்தால் நிமிடக் கணக்கில் முடியும் வேலை, 6 ஆக இறங்கினால் ஏறக்குறைய நூறு மடங்கு மெதுவாகி மணிக் கணக்கில் இழுக்கும்.

உருவாகும் துரு சும்மா படிவதில்லை. காரீயம், துத்தநாகம், ஆர்சனிக் ஆகியவற்றைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. காரீயம் நடுநிலை நீரில் இறுக ஒட்டும், அமிலம் கூடினால் விட்டுவிடும். ஆர்சனிக் இதற்கு நேர்மாறு: பி.எச் 8.5-ஐத் தாண்டினால்தான் விலகத் தொடங்கும். தாமரையும் இலைச்சருகும் மக்கிய ஊரணியில் இன்னொன்று நடக்கிறது. மக்கிய பொருள் செம்பைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும். அளந்தால் செம்பு கூடுதலாகத் தெரியும், ஆனால் நீரில் வாழும் உயிர்களுக்கு அதன் நச்சு குறைவு.

அளவு எவ்வளவு சிறிது என்று பாருங்கள். நூறு மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஊரணி ஒரு கோடி லிட்டர் கொள்ளும். அதில் நூறு கிராம் காரீயம் முழுக்கக் கரைந்து நின்றால், இந்தியத் தரநிலை குடிநீருக்கு வைத்துள்ள லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தொட்டுவிடும். நிஜத்தில் பெரும்பகுதி சேற்றோடு ஒட்டிப்போகும். அதனால்தான் ஊரணிச் சேற்றைக் கலக்காமல் நீர் எடுக்கச் சொல்கிறேன். தேத்தான்கொட்டையைப் பானையில் உரசி மண்ணைத் தெளியவைத்தால் களிமண்ணோடு ஒட்டிய உலோகமும் இறங்கும். கரைந்து நிற்பது இறங்காது.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதில்தான் அதிகம் தவறு நேர்கிறது. பாலிஎத்திலீன் போத்தலைப் பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். குழாயில் தேங்கியிருந்த நீர் போகும்வரை மோட்டாரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது கால்வனைஸ் குழாயின் துத்தநாகத்தை. பி.எச் அளவு நிலைத்த பிறகு, அந்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, அப்புறம் லிட்டருக்கு 2 மில்லி அடர் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்-ஐ 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் அமிலம் விட்டால் களிமண்ணில் ஒட்டியிருந்ததும் கரைந்து கணக்கைக் கூட்டிவிடும். அமிலமே விடாவிட்டால் வழியிலேயே துரு படிந்து, காரீயத்தையும் சுமந்து போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முடிவு குறைவாக வரும். ஆய்வகமே அமிலம் இட்டுத் தந்த போத்தலை அலசிவிடாதீர்கள். காய்ச்சி வடித்த நீரையும் இதே வழியில் ஒரு போத்தலில் வெற்று மாதிரியாக அனுப்புங்கள். அதில் உலோகம் தெரிந்தால் அது வழியில் சேர்ந்த மாசு. கடல் நீரில் முன்பு அளந்த காரீயத்தில் பெரும்பகுதி கப்பலிலிருந்தும் கருவிகளிலிருந்தும் சேர்ந்த மாசு என்று அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் காட்டிய பிறகு, இந்த வெற்று மாதிரி இல்லாத கணக்கை நம்புவதற்கில்லை.

வீட்டில் இரும்பை நீக்க, போர் நீரைத் துளையிட்ட தட்டு வழியாக உயரத்திலிருந்து தொட்டியில் பொழியவிட்டு, படியவைத்து, மணல் வழியே வடியுங்கள். ஒரு மில்லிகிராம் இரும்புக்கு 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். காற்று அதைத் தாராளமாகத் தரும். பி.எச் 6.5-க்குக் கீழே இருந்தால் முதலில் சுண்ணாம்புக்கல் சல்லி வழியாக விடுங்கள்.

பாத்திரத்திலும் துணியிலும் கறுப்புக் கறை விழுந்தால் அது மாங்கனீசு. பி.எச் 7-இல் அது காற்றுக்கு எளிதில் மசியாது. சில வாரம் நீர் ஓடி மணலில் ஒரு கறுப்புப் பூச்சு பிடித்த பிறகே பிடிபடத் தொடங்கும், அந்தப் பூச்சேதான் மேலும் மாங்கனீசைப் பிடிக்கிறது. மணல் அடைத்துக்கொண்டால் கீழிருந்து மேலாக நீர் விட்டுச் சேற்றை மட்டும் வெளியேற்றுங்கள், வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.