எழுதிப் பிழைப்பவரை நிலைநிறுத்துவது தொழில் ஒழுங்கே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த வெயில்லயும் ஈரோட்டுல மண்டபம் நிறைய வந்து உட்கார்ந்திருக்கிற சொந்தங்களே, எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

தலைப்பை ஒருக்கா ஞாபகப்படுத்திக்கிறேன். மாசச் சம்பளம் இல்லாம, சுயமா எழுதிப் பிழைக்கிற ஒருத்தர் நிலைச்சு நிக்கிறது எழுத்துத் திறமையாலா, தொழில் ஒழுங்காலா? எதிரணித் தலைவர் மூணு விஷயம் சொன்னாரு. நல்லா எழுதினா வேலை தானாத் தேடி வரும். காசைப் பத்திப் பேசினா எழுத்து கெட்டுப்போகும். ஏஐ வந்தாச்சு, இனித் திறமைக்காரன்தான் தப்பிப்பான். அருமையாப் பேசினாரு, கைதட்டலும் வாங்கினாரு. ஆனா இருபது நிமிஷத்துல ஒரு சொல்லுக்கு எவ்வளவு வாங்கறதுன்னு ஒரு தடவை கூடச் சொல்லலீங்க.

அதனால நான் காசுல இருந்தே ஆரம்பிக்கிறேன். திருப்பூர்ல ஒரு டீ-ஷர்ட்டுக்கு விலை சொல்றதுக்கு முந்தி என்ன பண்ணுவாங்க? நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், வேஸ்டேஜ்னு ஒவ்வொண்ணா எழுதி காஸ்டிங் போடுவாங்க. அப்புறம்தான் வாங்கற பையருக்கு விலை. எழுதறவங்களுக்கும் அதே காஸ்டிங் வேணுமுங்க.

போட்டே காட்டறேன். வீட்டுச் செலவு மாசம் 40,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 4,80,000. மருத்துவக் காப்பீடு, லேப்டாப் தேய்மானம், இன்டர்நெட், வரி, வயசான காலத்துக்கு எடுத்து வைக்கறது எல்லாம் சேர்த்து 1,20,000. ஆக 6,00,000. வருஷத்துக்கு 52 வாரம். நோம்பி, கல்யாணம், காய்ச்சல்னு நாலு வாரம் போனா 48. வாரத்துக்கு அஞ்சு நாள்னா 240 நாள். இதுல பாதி நாள்தான் காசு வர்ற நாள். மீதிப் பாதி வேலை தேடறதுக்கும், விலை பேசறதுக்கும், பில் போடறதுக்கும், பணத்துக்கு நடையா நடக்கறதுக்கும் போயிடும். 120 நாள்ல 6,00,000 வரணும்னா ஒரு நாளுக்கு 5,000.

இப்ப ஆயிரம் சொல் கட்டுரை ஒண்ணு. விசாரிக்க அரை நாள், எழுத அரை நாள், திருத்தக் கால் நாள். ஒண்ணேகால் நாளுக்கு 6,250 ரூபாய். சொல்லுக்கு ஆறேகால் ரூபாய். இதையே ஆன்லைன்ல பார்த்து "சொல்லுக்கு அம்பது காசு" வேலையை ஒருத்தர் ஒத்துக்கிட்டா, அந்தக் கட்டுரைக்கு 500 ரூபாய், நாள் கூலி 400. அதுக்குப் பனியன் கம்பெனியில செக்கிங்குக்கே போயிடலாமுங்க, டீயும் போண்டாவுமாவது குடுப்பாங்க!

புத்தக ராயல்டியைச் சொல்லுவாங்க. 200 ரூபாய் புத்தகம், பத்து சதவீதம், 500 பிரதி வித்துத் தீர்ந்தா 10,000 ரூபாய். மேலே போட்ட கணக்குல ரெண்டு நாள் வருமானம். புத்தகம் எழுதுங்க, வேண்டாங்கலை. அதை நம்பி உலை வைக்காதீங்க.

சரி, ஆறேகால் ரூபாய் யாரு குடுப்பாங்க? நம்மூர்லயே இருக்காங்க. கோயம்புத்தூர்ல பம்ப், கிரைண்டர் கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், காலேஜுகள். திருப்பூர், கரூர்ல ஏற்றுமதிக்காரங்க. பொள்ளாச்சியில தேங்காய் சார்ந்த தொழில். இவங்களுக்கெல்லாம் விளம்பரக் கையேடு, இணையதளம், பயிற்சிக் குறிப்பு, வீடியோவுக்கு வசனம்னு எழுத்து வேலை இருந்துக்கிட்டே இருக்கு. அந்த வேலை நம்மளைத் தேடி வராது. அந்தக் கம்பெனியோட தமிழ்க் கையேட்டைப் படிச்சு, விவசாயிக்கு எந்த இடத்துல புரியாதுன்னு ஒரு இடத்தைக் காட்டி, அதை எப்படி எழுதலாம்னு நாலு வரி சேர்த்து, ஒரு பக்கத்துக்குள்ள கடிதம் போடணும். நாலஞ்சு மாதிரி எழுத்தும் அதே தொழில்ல இருக்கணும். பம்ப் கம்பெனிக்குக் கவிதையை அனுப்பிப் பிரயோஜனமில்லை.

நீர்மூழ்கி மோட்டாருக்கு எழுத உட்கார்ந்தா "உயர்தரமான, நம்பகமான, நீடித்து உழைக்கும்"னு திறமைக்காரர் அரைப் பக்கம் எழுதிடுவாரு. வாங்கற விவசாயிக்குத் தெரிய வேண்டியது வேற. எத்தனை எச்பி, எத்தனை ஸ்டேஜ், எத்தனை அங்குல போர்வெல்லுக்குள்ள இறங்கும், எத்தனை அடி ஆழத்துல இருந்து நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும், சிங்கிள் பேஸா திரீ பேஸா, வோல்டேஜ் குறைஞ்சா எது வரைக்கும் தாங்கும். இந்த ஆறையும் கேட்டு வாங்காம எழுத உட்காரக் கூடாதுங்கறது ஒழுங்கு. பதிலை இன்ஜினியர்கிட்ட இருந்து எழுத்துல வாங்கிக்கறது இன்னும் பெரிய ஒழுங்கு. நாளைக்கு அட்டவணையில ஒரு எண் தப்பாப் போனா, யாரு குடுத்த எண்ணுன்னு காட்டணுமில்ல?

அடுத்து, வேலை கையில வந்த பிறகு நடக்கிற கூத்து. நம்ம பக்கம் பாதிக் கம்பெனி குடும்பக் கம்பெனிங்க. பெரியவர் கூப்பிட்டு வேலை குடுப்பாரு. எழுதிக் குடுத்தா "பிரமாதம் கண்ணு"ம்பாரு. அடுத்த வாரம் தம்பி பார்த்துட்டு, "எங்க யூனிட்டைப் பத்தி ஒண்ணுமே இல்லையே"ம்பாரு. அதைச் சேர்த்தாச்சுன்னா, வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த பையன் "இதென்னங்கப்பா, பழைய ஸ்டைலா இருக்குது"ம்பான். மாப்பிள்ளை இன்னும் பார்க்கலை! ஒரே வேலையை நாலு தடவை எழுதி ஒரு தடவைக்குக் காசு வாங்கினா ஆறேகால் ரூபாய் ஒண்ணரை ரூபாயாயிடுது. இங்கே எழுத்துல எந்தக் குறையும் இல்லீங்க. ஒப்புதல் தர்றது யாருன்னு முதல்லயே ஒரே ஒரு பேரை எழுதி வாங்காததுதான் குறை.

அதனால வேலைக்கு முந்தி ஒரு பக்க ஒப்பந்தம். எத்தனை சொல், என்னைக்குத் தர்றோம், ஒப்புதல் தர்றது யாரு. முன்பணம் பாதி. திருத்தம் ரெண்டு தடவை, மூணாவதுக்குத் தனிக் காசு. வரைவு குடுத்து ஏழு நாள்ல பதில் வரலைன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம். உரிமை, முழுப் பணமும் வந்த பிறகு மாறும். இந்தக் கடைசி வரியை நிறையப் பேரு விட்டுடறாங்க. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துல இல்லாம சுயமா எழுதறவர்தான் பொதுவா முதல் உரிமையாளர். அந்த உரிமையை மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்னும், எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும்னும் சட்டம் எடுத்துக்கும். இது தெரிஞ்சா விலை பேசறப்ப குரல் மாறுமுங்க.

பொன்விழா மலர் வேலை இன்னும் பெருசு. கம்பெனிக்கு அம்பது வருஷம், நிறுவனரோட வாழ்க்கை, 120 பக்கம்னு சொல்லுவாங்க. அச்சகத்துல ஒரு ஃபாரம்ங்கறது, அதாவது ஒரே தாள்ல அச்சடிச்சு மடிக்கிறது, பொதுவா 16 பக்கம். 120-ன்னா ஏழரை ஃபாரம். 112-ஆ 128-ஆன்னு அன்னைக்கே கேட்டு முடிவு பண்ணணும். இல்லைன்னா கடைசி வாரத்துல எட்டுப் பக்கத்தை வெட்டச் சொல்லுவாங்க, இல்லை ரொப்பச் சொல்லுவாங்க. ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுத நாலு மணி நேரம் ஆகும். இருபது பேர்கிட்ட ஒவ்வொரு மணி நேரம் பேசினா 80 மணி நேரம், அதாவது பத்து நாள். இதை விலையில சேர்க்காம "பக்கத்துக்கு இவ்வளவு"ன்னு ஒத்துக்கிட்டா, டிசைனர் எழுத்தைப் பொடிசாக்குற அன்னைக்கு வருமானமும் பொடிசாயிடும். அப்புறம் குடும்பப் போட்டோ. இடமிருந்து வலமா பேரு போடறப்ப ஒரு சித்தப்பா பேரு மாறிட்டா மொத்தப் பிரதியும் மறுபடி அச்சடிக்கணும். போட்டோவுக்குக் கீழ வர்ற பேரை மட்டும் தனித் தாள்ல எடுத்து, வீட்டுப் பெரியவங்க ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிடணும். பணத்தை நாலாப் பிரிக்கணும்: ஒத்துக்கிட்டப்ப 30 சதவீதம், பேட்டி முடிஞ்சா 30, முழு வரைவுக்கு 30, மெய்ப்பு முடிஞ்சா 10. எல்லாத்தையும் வெளியீட்டு விழாவுக்கு அப்புறம்னு விட்டீங்கன்னா, விழா முடிஞ்ச மறுநாளே உங்க போனை எடுக்க அங்கே ஆள் இருக்காது.

பில்லுக்கு வர்றேன். நம்பர், தேதி, வேலை விவரம், தொகை, பான், பேங்க் கணக்கு, ஐஎஃப்எஸ்சி, பணம் வர வேண்டிய தேதி. முதலாளிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாப் பத்தாது, கணக்குப் பிள்ளைக்கு மெயில்ல போகணும். தேதிக்கு மூணு நாள் முந்தி ஒரு ஞாபகம், அன்னைக்கு ஒண்ணு, ஏழாம் நாள் போன். சனிக்கிழமை போன் பண்ணாதீங்க, திருப்பூர்ல அது வாரக் கூலி போடற நாள், யாரும் பேச மாட்டாங்க. தீவாளி போனஸ் சமயத்துலயும் பேசிப் பிரயோஜனமில்லை, அதுக்கு ஒரு மாசம் முந்தியே வாங்கிடணும்.

60,000 ரூபாய் பில்லுக்கு 54,000 வந்தா ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க. தொழில்முறைக் கட்டணம் ஒரே இடத்துல இருந்து வருஷத்துக்கு 50,000-ஐத் தாண்டினா பத்து சதவீதத்தை டிடிஎஸ்னு வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பாங்க. பான் குடுக்கலைன்னா இருபது. பிடிச்சது உங்க பான் கணக்குல ஏறியிருக்கான்னு வருமான வரித் தளத்துல பாருங்க, ரிட்டர்ன் போட்டா வரிக்குக் கழியும், மிச்சம் திரும்ப வரும். ரிட்டர்னே போடாம வருஷா வருஷம் அதை அரசாங்கத்துக்கு விட்டுக் குடுக்கிற எழுத்தாளர்கள் எத்தனை பேரு!

உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்னு அரசாங்கத்துல பதியறது இருக்கே, அது இலவசம். ஆதாரும் பானும் போதும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தியே பதிஞ்சு, அந்த நம்பரை பில்லுல போட்டுடணும். 2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, எழுதின ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்லயும், இருந்தா அதிகபட்சம் 45 நாள்லயும் பணம் தரணும். தவறினா ரிசர்வ் வங்கியோட வங்கி வட்டியைப் போல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. புகார் குடுக்கிற மன்றம் கோவையிலயே இருக்கு. இதுக்கும் மேல, 2023-24 கணக்கு வருஷத்துல இருந்து, அந்தக் கெடுவுக்குள்ள தராத தொகையை வேலை வாங்கின கம்பெனி வருமான வரிக் கணக்குல அந்த வருஷத்துச் செலவாக் காட்ட முடியாது, எப்பக் குடுக்கிறாங்களோ அப்பத்தான் காட்டலாம். ஜவுளிக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும், அதனால ஆடிட்டரே மார்ச் மாசம் பில்லைத் தேடி எடுப்பாரு. எதிரணி நண்பரே, இந்தச் சட்டத்துல எழுத்து நல்லா இருந்தா சீக்கிரம் குடுன்னு எங்கேயாவது இருக்குதுங்களா?

கடைசியா ஏஐ. "எல்லாம் ஏஐ-ல போட்டு எடுத்தாச்சு, சித்த திருத்திக் குடுத்தாப் போதும்"னு பாதி விலை சொல்லுவாங்க. உடனே சரின்னுடாதீங்க. முதல் ரெண்டு பக்கத்தைக் கடிகாரம் வெச்சுத் திருத்திப் பாருங்க. புதுசா எழுதற நேரத்துல முக்கால்வாசி அதுக்கே போச்சுன்னா புது எழுத்து விலையைச் சொல்லுங்க, குறைவா ஆச்சுன்னா மணிக் கணக்குல வாங்குங்க. ஏஐ தமிழ் வழுவழுன்னு இருக்கும், ஆனா எண்ணும் பேரும் பொய்யா இருக்கலாம். ஆஸ்பத்திரிக் கையேட்டுல மாத்திரை அளவு ஒரு புள்ளி தள்ளிப் போனா விளையாட்டில்லை. மருத்துவ விவரத்தை டாக்டர் சரி பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கணும். ஏஐ காலத்துல திறமைக்காரர் தப்பிப்பாருன்னாங்க. அந்த ஒரு வரி இல்லாத திறமைக்காரர் எப்படித் தப்பிப்பாரு?

திறமையே வேண்டாம்னு எங்க அணி சொல்லலீங்க. முதல் வேலை அதால கிடைக்கலாம். அதே கம்பெனி ரெண்டாவது வேலை குடுக்கறது சொன்ன தேதிக்குச் சொன்ன அளவுல வந்ததால. நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதறப்ப எதிரணித் தலைவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுப் பாருங்க: இந்த மேடைக்கு ஒத்துக்கறப்ப பேச்சழகை நம்பி வந்தாரா, சன்மானம் எவ்வளவு, பஸ் செலவு யாரோடதுன்னு கேட்டுட்டு வந்தாரா?

மணி அடிச்சாச்சு. வெளிநாட்டு வேலை, டாலர் பணம், ஜிஎஸ்டி எல்லாம் எங்க அணியில அடுத்து வர்ற அம்மிணி பேசுவாங்க. நன்றிங்க, வணக்கம்.